பேலியகொடையிலிருந்து பாரிஸுக்கு இரண்டு நாள்

கொழும்பைவிட்டுக் களனி கங்கையைக் கடந்து வடக்கே செல்பவர் முதலிற் காலடி வைக்கும் ஊர் பேலியகொடை. அதனை ஓர் ஊரென்று நின்று பார்ப்பவர் சிலரே. கடந்து போகின்றவரே பலர். 2011ஆம் ஆண்டு புறக்கோட்டையிலிருந்து மத்திய மீன் சந்தை அங்கே குடிபெயர்ந்தபின், விடியற்காலையில் அவ்வழியே செல்பவருக்கு ஊரின் பெயர்ப்பலகையைக் காணுமுன்னரே மூக்கு அதனை அறிவித்துவிடும். 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையும் அங்கிருந்தே புறப்படுகின்றது. அதன் நீளம் 25.8 கிலோமீற்றர். அந்தச் சாலையின் மறுமுனையில் விமானம் நிற்கின்றது. விமானத்தின் மறுமுனையில் உலகம் முழுவதும் கிடக்கின்றது.

பேலியகொடையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி இளைப்பாறிய நண்பர் ஒருவர் எனக்குண்டு. இலண்டனில் தம் மருமகளின் கலியாணத்துக்குப் போக ஆயத்தமான வேளையிலே, ஒருநாள் மாலை என்னிடம் வந்தார். "அண்ணை, இலண்டனுக்குப் போற நேரம் அப்பிடியே பாரிசுக்கும் ஒரு சனி ஞாயிறு போட்டு வரலாமோ? அக்காவையும் பார்க்க வேணும், அந்தக் கோபுரத்தையும் பார்க்க வேணும். இரண்டு நாள் காணுமே?" என்று கேட்டார். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கு நான் கூறிய விடையின் விரிவேயாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து வார இறுதிக்குப் பாரிஸ் செல்வது என்பது வெறும் பேச்சு. நம் முன்னோர் காலத்திலே, மெஸாஜரி மாரிட்டீம் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் நீராவிக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டுச் சுயெஸ் கால்வாய் வழியாக மார்செய் துறைமுகத்தை அடைந்தன. அதற்கே வாரங்கள் சென்றன. இன்று நேரே பறந்தாலும் வானத்தில் ஏறக்குறையப் பதினொரு மணி நேரம் இருத்தல் வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால் வார இறுதியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே இரண்டு நாட் பாரிஸ் என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே கால் வைத்தவருக்கு உரிய பிரயாணம். நம்மவர் பெரும்பாலும் இலண்டனுக்கு உறவினரிடம் போனவிடத்தில் அதனை இடையே செருகிக்கொள்கின்றனர். நண்பர் கேட்டதும் அதுவே.

ஆயினும் அவருடைய கேள்வியில் உல்லாசத்துக்கு மேலான ஒரு பொருள் இருந்தது. அவருடைய தமக்கையார் 1986ஆம் ஆண்டு அகதியாகப் பிரான்சுக்குச் சென்றவர். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குப் பிரான்சு அரசாங்கம் ஒரு பிரயாணப் பத்திரம் வழங்கும். அதனைக்கொண்டு பல நாடுகளுக்குச் செல்லலாம்; தாம் விட்டு ஓடிவந்த நாட்டுக்கு மாத்திரம் செல்லலாகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அந்தத் தடை நீங்கும். ஆனால் குடியுரிமை கோருபவர் பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி காட்டுதல் வேண்டும். வாழ்நாளெல்லாம் உணவுச்சாலைகளின் பின்கட்டிற் பாத்திரம் கழுவியும் காய்கறி நறுக்கியும் உழைத்த அந்த அம்மையாருக்கு மொழி கற்க வேளை வாய்க்கவில்லை. தாயார் காலமானபோதும் அவரால் வர முடியவில்லை. ஆகையால் தம்பிதான் போதல் வேண்டும். அவருக்கும் வயது எழுபதை நெருங்குகின்றது. "இரண்டு நாள் காணுமே?" என்ற கேள்வியை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

நிற்க, காரியத்துக்கு வருவோம்.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் பாரிஸ் செல்வதற்கு ஷெங்கன் விசா வேண்டும். ஷெங்கன் என்பது லக்ஸம்பேர்க் நாட்டிலே, மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14ஆம் நாள் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் அவ்விடத்தே ஒரு கப்பலில் கூடி, தம்மிடையேயுள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க உடன்பட்டுக் கையொப்பமிட்டனர். 1995இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில் இன்று 29 நாடுகள் சேர்ந்துள்ளன. பிரித்தானியா அதில் ஒருபோதும் சேரவில்லை. இலண்டனுக்குப் பெற்ற விசாவைக் காட்டிப் பாரிஸுக்குள் நுழைய முடியாது என்பதை நம்மவரிற் சிலர் புகையிரத நிலையத்துக்குப் போன பின்னரே அறிகின்றனர்.

இரண்டு விசாவும் வேண்டுமெனில் எதனை முதலிற் பெறுவது? கடவுச்சீட்டு ஒன்றே, அது ஒரே வேளையில் இரண்டு கந்தோர்களில் இருக்க முடியாது. பிரித்தானிய விசாவுக்குப் பிரயாணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விடை வரப் பொதுவாக மூன்று வாரம் ஆகும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பிரயாணத்துக்குப் பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பித்தலாகாது. விடை பதினைந்து நாளில் வருதல் முறை. மேலும் விசாரிக்க வேண்டியிருப்பின் நாற்பத்தைந்து நாள்வரை செல்லலாம். பாரிஸிலிருந்து இலண்டனுக்குத் திரும்புவதாகக் கூறுபவரிடம், இலண்டனுக்குள் மீண்டும் நுழைய உரிமை உண்டோ என்று பிரெஞ்சு அதிகாரி கேட்பது இயல்பு. எனவே பிரித்தானிய விசாவை முதலிலும் ஷெங்கன் விசாவை அடுத்தும் பெறுவதே தக்கது. கணக்கெழுதிய நண்பருக்கு நான் இதனைக் கணக்காகவே காட்டினேன். மூன்று வாரம் என்பது 21 நாள். அதனோடு 45 நாளைக் கூட்டினால் 66. மூன்று மாதமாகிய 90 நாளில் எஞ்சுவது 24. பத்திரங்களைச் சேர்ப்பதும், விண்ணப்பம் கொடுக்க நாள் குறிப்பதும், விடுமுறைகளும் அந்த 24 நாளுக்குள் அடங்குதல் வேண்டும். சோம்புவதற்கு இடமில்லை.

ஷெங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூன் மாதத்திலிருந்து பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. கடவுச்சீட்டு பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களேனும் உடையதாகவும் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் தேவை. விண்ணப்பிப்பவர் நேரிற் சென்று கைவிரல் அடையாளம் பதிதல் வேண்டும். ஒருமுறை பதிந்தது ஐந்தாண்டுவரை பயன்படும்.

அடுத்தது, தங்குவது எங்கே என்ற கேள்வி. இதுவே நம்மவர் தடுமாறும் இடம். "அக்கா வீட்டில் நிற்பேன்" என்று வாயாற் சொன்னாற் போதாது. வீட்டார் தாம் வாழும் பகுதியின் நகரசபைக்கு நேரிற் சென்று, வதிவிட அட்டை, வீட்டுப் பத்திரம், வருமானச் சான்று ஆகியவற்றைக் காட்டி, 30 யூரோ முத்திரைவரி செலுத்தி, விருந்தினரை ஏற்பதாக ஓர் உறுதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். அதன் மூலப்பிரதி தபாலிலோ எவர் கையிலோ கொழும்புக்கு வந்துசேர வேண்டும். இதற்கும் வாரங்கள் செல்லும். அந்தப் பத்திரம் உள்ளவர் நாளொன்றுக்கு 32 யூரோ 50 சதம் கைவசம் இருப்பதாகக் காட்டினாற் போதும். ஹோட்டலில் இடம் பதிந்தவர் 65 யூரோ காட்டவேண்டும். இரண்டும் இல்லாதவர் 120 யூரோ காட்டவேண்டும். உறவினர் வீட்டில் நிற்பது செலவைக் குறைக்கும். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலையாக, முதிய உறவினர் ஒருவரை நகரசபை வாயிலிற் காத்திருக்கச் செய்கின்றோம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நண்பர் ஒரு பிழை செய்தார். மலிவாகக் கிடைக்கின்றதென்று விசாவுக்கு முன்பே புகையிரதச் சீட்டை வாங்கிவிட்டார். தமக்கையாரின் பத்திரம் வந்துசேரப் பிந்தியது, குறித்த சனிக்கிழமையும் கடந்தது, சீட்டு வீணாயிற்று. நாற்பது வருடம் பிறர் கணக்கிற் பிழை பிடித்தவர் தம் கணக்கில் வழுக்கினார். இடம் பதிவதாயின் மாற்றக்கூடியதாகவோ பணம் திரும்பக்கூடியதாகவோ பதிவதே விசா கையில் வரும்வரை பாதுகாப்பானது.

எந்த வார இறுதியைத் தெரிவது? பாரிஸ் வடக்கே வெகுதூரத்தில் உள்ள நகரம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி அளவிற்றான் பொழுது சாயும். டிசெம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருண்டுவிடும். ஆண்டெல்லாம் ஆறு மணியையொட்டியே சூரியன் மறைவதைக் கண்டு பழகிய நமக்கு இது வெறும் செய்தியாகப் படலாம். இரண்டே நாள் உள்ள பிரயாணிக்கோ, ஜூன் மாதம் அரை நாளை இலவசமாகக் கொடுக்கின்றது. ஓகஸ்டில் பாரிஸ்வாசிகளிற் பலர் கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவர். ஆனால் தமிழருக்கு ஓகஸ்ட் வேறொரு காரணத்தால் விசேடமானது. அதனைப் பின்னர் சொல்லுகின்றேன். கிழமைகளையும் கவனித்தல் வேண்டும். லூவ்ர் நூதனசாலை செவ்வாய்க்கிழமையில் மூடப்படும். ஓர்சே நூதனசாலை திங்கட்கிழமையில் மூடப்படும். சனியும் ஞாயிறும் இரண்டுமே திறந்திருக்கும். ஓர்சேயில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கட்டணம் இல்லை. ஆயினும் இணையத்தில் முன்கூட்டியே நேரம் குறித்தல் வேண்டும்.

இனிப் புறப்படுவோம். இலண்டன் சென் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து யூரோஸ்டார் புகையிரதம் புறப்படுகின்றது. ஆங்கிலக் கால்வாயின் அடியே தோண்டிய சுரங்கம் 1994 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதில் 38 கிலோமீற்றர் கடலின் கீழே செல்கின்றது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கப்பலேறிப் போன பழங்காலத்தவர், அந்தக் கடலின் அகலத்தை நினைத்து இந்த அளவை ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடலின் கீழே போகின்றோம் என்பதற்குப் பெட்டிக்குள் இருப்பவர் அறியக்கூடிய அடையாளம் யன்னலிற் படரும் இருளே; இருபது நிமிடத்தில் அது நீங்கி, பிரான்சின் வயல்வெளி தோன்றும். ஏறியதிலிருந்து இரண்டேகால் மணியளவிற் பாரிஸ். பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டை இலண்டனிலேயே, புகையிரதம் ஏறுமுன் பார்த்துவிடுகின்றனர். 2025 ஒக்டோபர் 12ஆம் நாள் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தவர் அல்லாதவரின் முகத்தையும் விரலடையாளத்தையும் எல்லையிற் பதிந்துகொள்ளும் புதிய முறை தொடங்கியது, வரிசை நீளலாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குச் சென்றால் நெஞ்சு படபடக்காது. பாரிஸ் கடிகாரம் இலண்டனைவிட ஒரு மணி முந்தியது என்பதையும் மறத்தலாகாது: காலை ஏழுக்குப் புறப்பட்டவர் பத்தேகால் மணிக்கே அங்கே இறங்குவார். போகும்போது இழந்த மணியைத் திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம்.

விமானத்தில் வருபவர் ருவாஸி விமான நிலையத்தில் இறங்குவர். நகரிலிருந்து அது ஏறக்குறைய 25 கிலோமீற்றர். பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு உள்ள தூரமும் அதுவே என்பது எனக்கு ஒரு வேடிக்கை. அங்கிருந்து நகருக்கு வரும் சீட்டின் விலை 2025இல் 13 யூரோ. நகருக்குள்ளும் சுற்றுப்புறங்களுக்கும் ஒருமுறை செல்லும் சீட்டு அந்த 2025ஆம் ஆண்டில் 2 யூரோ 50 சதமாக இருந்தது.

புகையிரதமாயினும் விமானமாயினும் பெரும்பாலும் வந்து சேருமிடம் கார் து நோர், அதாவது வடக்கு நிலையம். இங்கே நம்மவர் கதை தொடங்குகின்றது. நிலையத்தின் பக்கவாயிலால் வெளியேறி வடகிழக்காகப் பத்து நிமிடம் நடந்தால், லா ஷப்பல் என்னும் பகுதியை அடையலாம். போபூர் சென் டெனி வீதியிலும் கெயில் வீதியிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டு கண் தடுமாறும். முருங்கைக்காய், பனாட்டு, ஒடியல் மா, சேலை, நகை, கலியாணப் பத்திரிகை அச்சிடும் கடை, சிகையலங்கார நிலையம் என அடுத்தடுத்து நிற்கும். வெள்ளவத்தைக் காலி வீதியின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, ஐந்து மாடிச் சாம்பல்நிறக் கட்டடங்களின் அடியிற் பொருத்தியதுபோன்ற காட்சி.

அது ஏன் அவ்விடத்தில் அமைந்தது? 1980களில், விசேடமாக 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர், ஐரோப்பாவை நோக்கி ஓடிய இளைஞரிற் பலருக்குப் பாரிஸ் ஒரு தங்குமிடமே. அவர்கள் உண்மையில் அடைய விரும்பியது மொழி தெரிந்த இலண்டன். இலண்டனுக்குப் போகும் வழி வடக்கு நிலையத்திலிருந்தே புறப்பட்டது. வழி அடைபட்டவர்கள் நிலையத்தின் அருகிலேயே தங்கினார்கள். தங்கியவருக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் விற்கக் கடைகள் வந்தன. நண்பரின் தமக்கையாரும் அவ்வாறே ஆறு மாதம் நிற்கலாமென்று வந்தவர். இன்று நம்மவரிற் பெரும்பாலோர் லா ஷப்பலில் வசிப்பதில்லை; லா கூர்னேவ், பொபினி முதலிய வடபுறநகர்களில் வசித்து, சாமான் வாங்கவும் கோயிலுக்கும் இங்கே வருகின்றனர். ஆகையால் வெள்ளவத்தையைவிடப் புறக்கோட்டையோடும் கொட்டாஞ்சேனையோடும் ஒப்பிடுவதே பொருத்தம் போலும். 2015இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்ற 'தீபன்' என்னும் பிரெஞ்சுப் படம் இத்தகையோரின் வாழ்வையே சொல்லியது. அதில் நாயகனாக நடித்தவர், பாரிஸில் வாழும் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி.

1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இப்பகுதியின் நடுநாயகம். இப்போது அது பஜோல் வீதியில் உள்ளது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் முடிவையொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விநாயகர் தேரேறிப் பாரிஸ் வீதிகளில் உலா வருவார். சந்திதோறும் தேங்காய்கள் குவியலாக உடைபடும். இளநீர் சாக்கடை வழியே ஓடும். வெள்ளையர் மேல்மாடங்களில் நின்று படம் எடுப்பர். ஓகஸ்டின் விசேடம் என்று முன்னர் நான் குறித்தது இதனையே. தேர் நாளைத் தெரிந்தால் உறவினர் யாவரையும் ஒரே வீதியிற் காணலாம். ஆனால் அன்று வேறெதனையும் காண முடியாது.

இனி நேரத்தைப் பங்கிடுவோம். சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு இறங்கி, ஞாயிறு இரவு எட்டேகாலுக்குப் புறப்பட்டால் கையில் உள்ளது 34 மணி. உறக்கத்துக்கு எட்டு, உண்ணவும் உடுக்கவும் திரும்புவதற்கான சோதனை வரிசைக்குமாக எட்டு. எஞ்சியது 18. அதிற் பாதி தமக்கையாருக்கு என்று நண்பர் முன்னரே கூறிவிட்டார். ஆகவே உலகமெல்லாம் புகழும் அந்த நகரத்துக்குக் கிடைத்தது ஒன்பது மணி நேரம். வழிகாட்டி நூல்களில் இருபது இடங்களைக் கோடிட்டு வந்தவருக்கு இந்தக் கணக்கு மனத்தாங்கலைத் தரும். ஆனால் இரண்டு நாளில் இருபது இடம் பார்த்தவர்கள் ஊருக்கு வந்து பேசும்போது, எந்தத் தேவாலயத்தில் எதனைக் கண்டார்கள் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. நான்கு இடம் போதும் என்பது என் துணிபு.

பாரிஸ் நகரசபை எல்லை சிறியது; ஏறக்குறைய 105 சதுர கிலோமீற்றர். நடுவிலிருந்து நத்தையின் ஓடுபோலச் சுழன்று செல்லும் இருபது வட்டாரங்களாக அது வகுக்கப்பட்டுள்ளது. இலக்கம் சிறிதாயின் நடுவுக்கு அண்மை என்று கொள்க. சேன் ஆறு நகரை ஊடறுத்து 13 கிலோமீற்றர் ஓடுகின்றது. வழி தவறியவர் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டால் மீண்டும் திசை பிடிபடும்; களனி கங்கை நம்மவருக்குச் செய்யும் உதவியைச் சேன் அவர்களுக்குச் செய்கின்றது.

சனிக்கிழமை நோத்ர் டாம் தேவாலயத்திலிருந்து தொடங்கலாம். 1163ஆம் ஆண்டளவில் எடுக்கத் தொடங்கிய கோயில் அது. 2019 ஏப்பிரல் 15இல் தீப்பிடித்துக் கூரையும் கூர்ங்கோபுரமும் வீழ்ந்தன. ஐந்தாண்டுத் திருப்பணிக்குப் பின் 2024 டிசெம்பரில் மீண்டும் கதவு திறந்தது. நுழையக் கட்டணமில்லை. அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால், 'புதிய பாலம்' என்று பெயர் பெற்றும் நகரின் பாலங்களுள் மிகப் பழையதாகிய பொன் நெஃப் வரும். 1607இல் முடிந்த பாலம் அது. அப்பால் லூவ்ர். அங்கே நான் ஒரு கருத்துச் சொல்லுவேன்: இரண்டு நாட் பிரயாணி லூவ்ருக்குள் நுழைய வேண்டாம். 2026 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கட்டணம் 32 யூரோ. பணம் ஒருபுறமிருக்க, மோனாலிசாவை ஒரு கணம் காணும்பொருட்டு அரை நாளை ஜனக்கூட்டத்தில் இழக்க நேரிடும். முற்றத்திற் கண்ணாடிப் பிரமிட்டை நின்று பார்த்துவிட்டு நடப்பது மேல். இதனைப் பலர் ஒப்பார்; ஒப்பாதவர் தாராளமாக உள்ளே போகட்டும்.

அந்த அரை நாளுக்குப் பதிலாக, சிறிய நூதனசாலை ஒன்றைச் சொல்லுகின்றேன். இயேனா சதுக்கத்தில் உள்ள கிமே நூதனசாலை அது. எமில் கிமே என்ற தொழிலதிபர் சேர்த்த ஆசியக் கலைப்பொருள்களோடு 1889இல் பாரிஸில் திறக்கப்பட்டது. கம்போடியாவின் கல்லுருவங்களைக் கடந்து இந்தியப் பகுதிக்குச் சென்றால், 11ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டு நடராசர் வெண்கலத் திருமேனியாக நிற்பார். பாரிஸுக்கும் நடராசருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சிற்பி ஓகுஸ்த் ரோடின், சென்னை நூதனசாலையில் உள்ள நடராசர் திருவுருவங்களின் புகைப்படங்களைப் பார்த்து, 1913இல் சிவநடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பின் 1921இல் அது பாரிஸில் நூலேறியபோது, அதே நூலிற் பங்குகொண்ட மற்றொருவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் நமது கொழும்பிலே பிறந்தவர் அவர். கொழும்பிற் பிறந்த ஒருவரும் பாரிஸ் சிற்பி ஒருவரும் ஒரே ஏட்டில் நின்று, தில்லைக் கூத்தனைப் பற்றிப் பேசினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அம்மண்டபத்தில் நிற்பவருக்கு, அயலூரில் நிற்கும் உணர்வு சற்றுத் தணியும். செவ்வாயன்று இந்நூதனசாலை மூடியிருக்கும்.

கிமேயிலிருந்து ஆற்றைக் கடந்து கால்மணி நேரம் நடந்தால் ஐபெல் கோபுரம். 1889ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் குஸ்தாவ் ஐபெல் நிறுவிய இந்தக் கோபுரம் 7,300 தொன் இரும்பால் ஆனது; 18,038 உறுப்புகளை 25 இலட்சம் ஆணிகளால் இணைத்தனர். தொடக்கத்தில் 300 மீற்றருக்குச் சற்று மேல். 2022இல் ஒலிபரப்புக் கம்பம் மாற்றப்பட்டபின் 330 மீற்றர். அது இருபதாண்டுக்குப் பின் பிரிக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. அதனைக் காத்தவற்றுள் ஒன்று, நேயர்களே, உங்களுக்கும் எனக்கும் உறவான பொருள்: கம்பியில்லாத் தந்தி. வானலை அனுப்ப இத்துணை உயரமான கம்பம் வேறு கிடைக்காதென்று கண்டு விட்டுவைத்தனர்.

ஏறுவதற்குரிய சீட்டு, மின்தூக்கிக்கு 60 நாள் முன்னரும் படிவழிக்கு 14 நாள் முன்னரும் இணையத்தில் விற்பனைக்கு வரும். கோடைகால மாலைச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும். இரண்டாம் தளம்வரை படி 674. முழங்கால் அறிந்து முடிவு செய்க.

சில்லறைச் செய்திகள் சில. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" என்று சொல்லாமல் விலை கேட்பவரை அங்குள்ளோர் மரியாதை அறியாதவராக எண்ணுவர். உணவுச்சாலையிற் குழாய்த் தண்ணீர்க் குவளை கேட்டால் இலவசமாகத் தருவர். கேளாவிட்டால் விலைத் தண்ணீர் வரும். நிலக்கீழ்ப் புகையிரதத்தில் முடிச்சுமாறிகள் உண்டு. கடவுச்சீட்டை மார்போடு வைத்து, அதன் பிரதியைப் பையில் வைக்கவும். வாராந்தப் பிரயாண அட்டை திங்கள் முதல் ஞாயிறுவரைதான் செல்லும். சனிக்கிழமை வருபவருக்கு அது நட்டம்.

நண்பர் இரண்டாம் முறை ஒழுங்காகத் திட்டமிட்டு, ஜூன் மாதத்துச் சனி ஞாயிறு ஒன்றிற் போய்வந்தார். புறப்படுமுன் கோபுரத்துக்கு ஒரு சீட்டு வாங்க நினைத்து, தமக்கையாரிடம் தொலைபேசியிற் சொன்னாராம்: "சனி பின்னேரம் நான் மட்டும் போய் ஏறிப்போட்டு வாறன், அக்கா. நீங்கள் ஆயிரந்தரம் பார்த்திருப்பியள்." மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "நானெண்டா இன்னும் ஏறேல்லை, தம்பி. வேலைக்குப் போகேக்க ரெயினுக்குள்ள இருந்து தூரத்தில பார்க்கிறதுதான்" என்றாராம்.

நண்பர் இரண்டு சீட்டு வாங்கினார். லூவ்ரும் கிமேயும் கணக்கிலிருந்து விழுந்தன. சனிக்கிழமை மாலை எட்டரை மணிக்கு, வெயில் இன்னும் சாயாத வேளையில், இருவரும் இரண்டாம் தளத்தில் நின்றனர். அம்மையார் வடக்கே கைகாட்டி, தாம் முதன்முதல் வேலை செய்த உணவுச்சாலை இருந்த திசையையும், தம் வீடு இருக்கும் லா கூர்னேவையும் தேடினாராம். புகைமூட்டத்தில் வீடு தெரியவில்லை. வடக்கு நிலையத்தின் தண்டவாளங்கள் செல்லும் பக்கத்தை மாத்திரம் ஊகித்துக் காட்டினாராம். எட்டரைக்கு ஏறியவர்கள் விளக்கேற்றும்வரை இறங்கவில்லை என்று நண்பர் சொன்னார்.